துரையின் புல், தொழிலாளியின் மாடு

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டென்பதைத் தமிழ் மாணவர் திருக்குறளின் கல்வி அதிகாரத்தைக் கற்கும்போதே அறிந்துகொள்கின்றனர். பகைவர் ஆநிரையைக் கவர்வதைப் போரின் தொடக்கமாகவே தொல்காப்பியம் கண்டது. நிரை மீட்கும் போரில் மாண்ட வீரர்க்கு எடுத்த நடுகற்கள் செங்கம் வட்டாரத்தில் இன்றும் உள்ளன. தமிழ் மட்டும் இவ்வாறு எண்ணியதன்று. இலத்தீன் மொழியில் பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' என்னும் சொல் கால்நடையைக் குறிக்கும் 'பெக்குஸ்' என்பதன் வழிவந்தது. ஆங்கிலத்தில் மாட்டுக்கும் மூலதனத்துக்கும் வழங்கும் இரு சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

மாடு செல்வமாயின், அச்செல்வம் எவருடைய நிலத்தில் மேய்கின்றது என்னும் வினா உடனெழும். கொங்கு நாட்டில் அதற்கு விடை இருந்தது. காங்கேயம் மாடு புகழ்பெற்றதற்கு அதன் குருதி மட்டும் காரணமன்று; கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்த்துப் பாதுகாக்கப்பட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் காரணமாகும். அங்கே மாடும் புல்லும் ஒருவருக்கே உரியவை. பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் மாட்டு வரலாறு இதற்கு நேர்மாறானது. மாடு தொழிலாளிக்குரியது, புல் துரைக்குரியது. நூறாண்டுக் கால இன்பமும் துன்பமும் இந்தப் பிளவிலிருந்தே பிறந்தன.

பேராக்கில் இரப்பருக்கு முன்பே மாடு இருந்தது. லாருட்டிலும் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் தோண்டிய ஈயத்தைக் கொண்டுசெல்ல யானைகளும் மாட்டு வண்டிகளும் உழைத்தன. 1885-ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை மலாயாவின் முதல் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்ட பின்னரும், சுரங்கத்திலிருந்து நிலையம் வரை வண்டி மாடுகளே தேவைப்பட்டன. பிரிட்டிஷ் அதிகாரியான ஹியூ லோ 1877-ஆம் ஆண்டில் பேராக்கின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட சில இரப்பர்க் கன்றுகள், பின்னர் அந்நாட்டின் முகத்தையே மாற்றின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏறியதும் காடுகள் தோட்டங்களாயின; வட ஆர்க்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே ஆட்கள் திரட்டப்பட்டனர்.

அவ்வாறு சென்றோரில் மிகப் பலர் ஊரில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். மாட்டை அவர்கள் நன்கறிவர். ஆயின் அவர்கள் அறிந்தது பெரும்பாலும் பிறருடைய மாட்டை. ஆண்டையின் ஏரில் பூட்டிய காளை, ஆண்டையின் தொழுவத்தில் கட்டிய பசு, அல்லது வாரத்துக்கு வளர்த்துக் கன்றில் பங்கு பெறும் கிடாரி ஆகியவற்றோடுதான் அவர்களின் தொடர்பு இருந்தது. கடல் கடந்து சென்ற இடத்தில், சீட்டுப் பணமோ சேமிப்போ கொண்டு ஒரு தொழிலாளி வாங்கிய முதற்பசு பல குடும்பங்களில் தலைமுறைகள் கண்டிராத முதற்சொத்தாகவும் இருந்திருக்கும். தோட்டத்தில் வீடு அவனுடையதன்று, லயம் கம்பெனிக்குரியது. மரமும் அவனுடையதன்று, பால் வெட்டும் உரிமை மட்டுமே உண்டு. வேலை போனால் மூன்றும் போகும். அவன் கூடவே நடந்து வெளியேறக்கூடிய சொத்து மாடு ஒன்றே.

தொடக்கத்தில் தோட்டங்களில் தனியாட்களே மிகுதி. மாடு வளர்க்கக் குடும்பம் வேண்டும். பெண்கள் வருகை பெருகியும், 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தமையால் போக்குவரத்துக் குறைந்தும் தோட்டச் சமுதாயம் நிலைகொண்டபோதுதான் மாட்டுக் கொட்டகைகளும் நிலைகொண்டன. லயத்தின் பின்புறம் அத்தாப்புக் கூரையோ பழைய தகரமோ வேய்ந்த கொட்டகைகள் வரிசையாக எழுந்தன.

காலனித்துவக் காலத்துத் தொழிலாளர் சட்டம் இதற்குச் சிறிது இடமளித்தது. குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவர்க்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைக் காய்கறி பயிரிடவோ மேய்ச்சலுக்கோ ஒதுக்க வேண்டும் என்பது அதன் விதி. ஏட்டில் இஃது அருளாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் நகைப்பே மிஞ்சும். 250 கிலோ எடையுள்ள ஒரு பசு தன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பசும்புல்லை நாள்தோறும் தின்னும். அதாவது நாளுக்கு 25 கிலோ. ஆண்டுக்கு 9,000 கிலோவுக்கு மேல். ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு என்பது சுமார் 2,700 சதுர அடி. நகரத்து வீட்டு மனை ஒன்றின் அளவு. அதில் ஒரு கன்றைக் கூட நிறைவாக வளர்க்க இயலாது. எனவே சட்டம் தந்த நிலத்தில் எவர் மாடும் வளரவில்லை. மரங்களுக்கிடையே முளைத்த புல்லில், நிருவாகியின் கண்டுங்காணாமையில் வளர்ந்தது. உரிமை சிறிதளவும் சலுகை பெரிதளவுமாக அமைந்த இந்த ஏற்பாடே பின்னாளில் கேடாயிற்று. சலுகையை எழுதி வைப்பார் எவருமிலர்.

துரைமார் ஏன் கண்டுங்காணாதிருந்தனர்? இரக்கம் ஒரு காரணமாயிருக்கலாம். கணக்கும் ஒரு காரணம். இளங்கன்று நட்ட முதல் ஐந்தாறு ஆண்டுகளில் வெயில் தரையில் விழும். லாலாங் புல்லும் பிற களைகளும் மண்டும். அவற்றை வெட்டக் கூலி வேண்டும். மாடு கூலியில்லாமல் களையெடுத்தது, எருவும் இட்டது. மாடுள்ள குடும்பம் எளிதில் வேறு தோட்டத்துக்குப் பெயராது என்பதும் நிருவாகத்துக்குத் தெரியாததன்று. மறுபுறம், மாடு பால் கோப்பையைத் தட்டிவிடும். வெட்டுப் பட்டையில் உடலைத் தேய்க்கும். வடிகாலை மிதித்துச் சரிக்கும். ஆதலால் ஒரு துரை விட்டதை அடுத்த துரை தடுப்பதும், கிராணியும் கங்காணியும் இடையில் நின்று வேண்டியவர்க்கு விலக்களிப்பதும் தோட்ட வாழ்வின் பகுதிகளாயின.

இத்தொழிலின் பொருளியலைச் சற்று விரிவாகவே காணல் வேண்டும். தோட்டத்து மாடு இன்ன பயனுக்கென்று பிரித்து வளர்க்கப்பட்டதன்று. இந்தியாவிலிருந்து பல காலங்களில் இறக்குமதியான திமில் மாடுகள் ஒன்றோடொன்று கலந்து உருவான இவ்வினத்தைக் கால்நடைத் துறையினர் 'உள்நாட்டு இந்தியப் பால்மாடு' என்று வகைப்படுத்தினர். பெயரில் பால் இருப்பினும் நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. அதில் கன்றுக்குப் போக எஞ்சியது வீட்டுக்கும் அண்டை லயத்துக்கும் சிறு நகரத் தேநீர்க் கடைக்கும் சென்றது. பால் தந்தது அன்றாடச் சில்லறை. பெருந்தொகை தந்தது காளைக் கன்று. இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்த்து இறைச்சிக்கு விற்றபோதுதான் தொழிலாளியின் கைக்கு ஒருசேரப் பணம் வந்தது.

அத்தொகையின் அருமையை அறியக் கூலியை நோக்க வேண்டும். 1920-களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் வகுக்கப்பட்ட நியமக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் வீழ்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கூலி வாரத்துக்கு வாரம் அரிசிக்கும் கடைக் கணக்குக்குமே கரைந்தது. மகளின் திருமணம், மகனின் இடைநிலைப் பள்ளிச் சீருடை, தந்தையின் இறுதிச் சடங்கு போன்றவற்றைக் கூலியைக் கொண்டு நடத்த இயலாது. வங்கி தொழிலாளிக்குக் கடன் தராது. செட்டியார் கடைக்கு அடகு வேண்டும். கொட்டகையில் நின்ற காளையே அவனுடைய வைப்புத் தொகை. ஈன்ற கன்றே வட்டி.

செலவில்லாத தொழில் என்று இதனைச் சொல்வதுண்டு. அது பிழையான கணக்கு. விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால் வெட்டி, எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலுக்குப் பின் வீடு திரும்பும் பெண், சோறு வடித்த கையோடு அரிவாளும் சாக்கும் எடுத்துப் புல்லறுக்கப் போனாள். தலைச்சுமையாகத் திரும்பியவள் சாணம் அள்ளி, தண்ணீர் காட்டி, கொசுவுக்குப் புகை மூட்டிய பின்னரே தன் குளியலை எண்ணினாள். பள்ளி விட்ட பிள்ளைகள் மாட்டின் பின்னே ஓடினர். பல தோட்டங்களில் வேலையினின்று ஓய்ந்த முதியவர் ஒருவர் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கூலி பெற்று எல்லார் மாடுகளையும் சேர்த்து மேய்த்தார். இவ்வுழைப்புக்கு விலை போட்டால் ஆதாயம் எஞ்சுமா என்பது ஐயமே. வேறெவரும் விலை கொடுத்து வாங்காத மாலைப்பொழுதைப் பணமாக்கும் ஒரே வழி அதுவாக இருந்தது என்பதே உண்மை.

இனி, கணக்கில் அடங்காத மறுபாதி. மாட்டுப் பொங்கலன்று தோட்டத்து ஆற்றிலோ குழாயடியிலோ மாடுகள் குளிப்பாட்டப்பட்டன. கொம்புக்கு வண்ணம், கழுத்துக்கு மாலை, நெற்றிக்குக் குங்குமம். ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. பேற்றுக்காலத்தில் பசுவின் அருகே இரவெல்லாம் விளக்குடன் அமர்ந்திருப்பர். அவ்வாறு வளர்த்த காளையைத்தான் ஈப்போ, தைப்பிங், கோலகங்சார்ப் பகுதிகளிலிருந்து வந்த இறைச்சி வணிகருக்கு விற்றனர். வளர்த்தவர் பெரும்பாலும் மாட்டிறைச்சி உண்ணாதவர். வாங்கியவர் அதனை அறுப்பதற்கே வாங்கியவர். இரு தரப்பும் அதனைப் பேச்சில் எடுப்பதில்லை.

இதனைப் போலித்தனம் என்பார் உளர். அவர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களையும் சற்று நோக்குதல் நலம். மாட்டை விற்கும்போது கயிற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு மாட்டை மட்டும் கொடுக்கும் வழக்கம் அங்குண்டு. கயிற்றோடு கொடுத்தால் வீட்டின் திருவும் உடன் சென்றுவிடும் என்பது நம்பிக்கை. பாசமும் விற்பனையும் ஒரே தொழுவத்தில் இருந்ததை மறைக்காமல், அதற்கொரு சடங்கையே வகுத்துக்கொண்ட மக்கள் அவர்கள். பசுவைக் கூடியவரை வளர்ப்பவருக்கே விற்பது, காளையையும் மலட்டுப் பசுவையும் மட்டும் அறுப்புக்கு விடுவது, விற்ற நாளில் வீட்டுப் பெண்கள் கொட்டகைப் பக்கம் போகாதிருப்பது போன்ற எழுதா நெறிகள் அந்த வலியைத் தாங்கக் கண்ட வழிகளேயாம்.

சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ளோர் இங்கு ஒன்றைக் கருதலாம். தமிழில் 'அடிமாட்டு விலை' என்றால் மிகக் கீழான விலை. உழைத்து ஓய்ந்து, எலும்பும் தோலுமாய் நின்ற மாடே ஊரில் அறுப்புக்குப் போயிற்று. ஆதலால் அச்சொல் அப்பொருள் பெற்றது. மலேசியாவில் நிலை தலைகீழாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானுக்கு உரிய மாடு ஈராண்டு நிரம்பியதாக, குருடோ நொண்டியோ நோயோ மெலிவோ இல்லாததாக இருத்தல் வேண்டும். ஒரு மாட்டில் எழுவர் பங்கு கொள்ளலாம் என்பதால் விலையும் எழுவரிடையே பிரிந்தது. குறையற்ற, நன்கு பேணப்பட்ட காளைக்கு அப்பருவத்தில் ஆண்டின் உயர்ந்த விலை கிடைத்தது. பொங்கலில் மாலையிட்டுப் போற்றிய அதே பராமரிப்புத்தான் பெருநாளில் விலையாக வந்தது. அன்பாக வளர்த்தவரே ஆதாயமும் பெற்றார் என்பது மனத்துக்கு எளிதான செய்தியன்று. எனினும் மலாய்க்காரரும் தமிழரும் நீண்ட காலம் நேருக்கு நேர் நின்று செய்த நாணயமான வாணிகங்களுள் இதுவும் ஒன்று.

அறிவியலின் துணையும் தொலைவில் இல்லை. ஈப்போவில் 1948-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கால்நடை ஆய்வுக் கழகம் தொண்டை அடைப்பான் போன்ற நோய்களுக்குத் தடுப்பூசி உருவாக்கிப் பெயர் பெற்றது. அதே 1948-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைகள் கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டங்கள் முள்வேலிக்குள் அடங்கின; ஊரடங்கு நேரம் மனிதருக்கிட்ட கட்டு, மாட்டுக்கும் கட்டாயிற்று.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வேறொரு இடர் வந்தது. ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுச் செல்ல, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலை ஆராய்ந்தவர் உங்கு அஸீஸ். வேலையும் வீடும் இழந்தோரின் நிலை கண்டு, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திய பங்குப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. நிலம் இல்லாதவன் மாட்டைச் சொத்தாக்கிய நிலையிலிருந்து, நிலத்தையே சொத்தாக்கும் நிலைக்கு அழைத்த முயற்சி அது. ஆனால் பெரும்பாலான தோட்டத் தமிழருக்கு அந்த வாய்ப்பு எட்டவில்லை. 1969-க்குப் பின் குடியுரிமையற்றோர்க்கு வேலை உரிமம் கட்டாயமானபோது பல்லாயிரவர் இந்தியாவுக்கே திரும்பினர்.

அடுத்து இரப்பரை வீழ்த்திச் செம்பனை எழுந்தது. முதலாளிகளும் மாறினர், 1981-இல் கத்ரி நிறுவனம் மலேசியர் உடைமையாயிற்று. புல்லின் உரிமை மட்டும் மாறவில்லை. செம்பனையின் ஓலை சில ஆண்டுகளில் கூரைபோல் மூடிக்கொள்ளவே அடியில் புல் குன்றும். ஆதலால் மறுநடவு நடந்த புலங்களைத் தேடி மாடுகள் அலைந்தன. இளம்பனையின் ஓலையைக் கடித்ததால் புகார்களும் பெருகின. களைக்கொல்லி வேறு. முற்காலத்தில் சோடியம் ஆர்செனைட், பின்னர் பாராகுவாட் என்று நஞ்சு தெளித்தே களை அழிக்கப்பட்டது. தெளிக்கும் தோம்பைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். காலையில் நஞ்சு தெளித்த கையே மாலையில் நஞ்சில்லாத புல்லைத் தேடி நடந்தது. பாராகுவாட் மலேசியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2020-இல்தான்.

இதற்கிடையே அரசு இறைச்சி மாட்டுப் பெருக்கத்துக்குப் பெருந்திட்டங்களை வகுத்தது. 1972-இல் 'மாஜுத்தெர்னாக்' என்னும் தேசியக் கால்நடை வளர்ச்சி வாரியம் நிறுவப்பட்டுப் பெரும் பண்ணைகள் அமைக்கப்பட்டன. 1980-களின் தொடக்கத்தில் அது கலைக்கப்பட்டது. பின்னர் நெகிரி செம்பிலான் கெமாசில் 25 கோடி ரிங்கிட் கடனுதவியுடன் தேசியக் கொழுப்பூட்டுப் பண்ணை தொடங்கப்பட்டது. இலக்கில் பாதியும் எட்டவில்லை என்று 2010-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டியபின் அது நாடறிந்த பூசலாயிற்று. மூலதனம், கட்டடம், அயல்நாட்டுக் கிடாரிகள் யாவும் இருந்தும் அத்திட்டங்கள் தள்ளாடின. ஒரு காசு மானியமுமின்றித் தோட்டத்துக் கொட்டகைகளில் மாடு பெருகிற்று. இதற்குக் காரணம் தேடுவோர் புல்லறுத்த பெண்ணின் ஊதியமில்லா மாலைப்பொழுதை நினைவிற் கொள்ளட்டும். மாடொன்றுக்கு ஒரு பொறுப்பாளி இருந்த முறை அது.

செம்பனைக்கிடையே மாடு வளர்த்தல் களைச் செலவைக் குறைக்கும் என்று மலேசிய அரசின் ஆய்வு நிறுவனங்களே எடுத்துரைத்து வந்துள்ளன. மின்வேலியிட்டு, மந்தையைப் புலம் விட்டுப் புலம் மாற்றி மேய்க்கும் முறையையும் வகுத்துத் தந்துள்ளன. எனினும் கம்பெனி தன் மாட்டை மேய்ப்பது 'ஒருங்கிணைந்த வேளாண்மை' என்றும், முன்னாள் தொழிலாளி தன் மாட்டை மேய்ப்பது 'அத்துமீறல்' என்றும் வழங்கலாயின. அண்மை ஆண்டுகளில் சுங்கை சிப்புட் உள்ளிட்ட பேராக் பகுதிகளில் மாடுகளை அப்புறப்படுத்துமாறு வளர்ப்போர்க்கு அறிவிப்புகள் வந்தன. மந்தைகள் மண்ணை இறுக்குகின்றன, பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் காளானைப் பரப்புகின்றன என்பன தோட்ட நிருவாகங்கள் கூறும் காரணங்கள். வளர்ப்போர் இவற்றை மறுக்கின்றனர். 2008 முதல் 2018 வரை சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மருத்துவர் மைக்கேல் ஜெயகுமார் தேவராஜும் அவர் சார்ந்த மலேசிய சோசலிசக் கட்சியும் இவர்களின் வழக்கை எடுத்துப் பேசி வந்துள்ளனர். வளர்ப்போர் பக்கமும் குறையில்லாமல் இல்லை. மேய்ப்பாரின்றி விட்ட மாடுகள் இரவில் சாலையில் படுத்து உயிர்ச்சேதம் விளைவித்ததுண்டு. காதில் அடையாளமிடாத, தடுப்பூசி போடாத மந்தைகளும் உண்டு. மேய்ப்பரும் கொட்டகையும் இருந்த தோட்டச் சமுதாயம் கலைந்தபின், மாடு மட்டும் எஞ்சியதன் விளைவுகள் இவை.

தோட்டங்கள் பல இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. வேலையிழந்து நகரோரக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தவர்களில் சிலர் கொட்டகையை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவைத்து, காலையும் மாலையும் மோட்டார் சைக்கிளில் வந்து மாட்டைப் பார்த்துச் செல்கின்றனர். கிந்தாப் பள்ளத்தாக்கின் கைவிடப்பட்ட ஈயக் குட்டைகளைச் சுற்றிய மணற்பரப்புகளிலும் மந்தைகள் மேய்வதைக் காணலாம். செம்பனைப் பருப்புப் புண்ணாக்கை விலைக்கு வாங்கிக் கட்டி வளர்க்கலாமே என்று அதிகாரிகள் அறிவுரை கூறுகின்றனர். ஐந்தாறு மாடு வைத்திருப்பவர்க்குத் தீவன விலை கட்டுப்படியாகாது. கட்டி வளர்க்கவும் கொட்டகைக்கு ஓரிடம் வேண்டும். அவ்விடத்துக்கு உரிமப் பத்திரம் வேண்டும்.

மலேசியா தன் மாட்டிறைச்சித் தேவையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அண்மை ஆண்டுகளில் உள்நாட்டில் உற்பத்தி செய்துள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி உறையவைத்த எருமை இறைச்சியாக இந்தியாவிலிருந்து கப்பலேறி வருகின்றது. பேராக்கின் மாடு வளர்ப்போர் முன்வைத்து வரும் கோரிக்கை ஒன்றே: வட்டாரத்துக்கொரு பொது மேய்ச்சல் நிலத்தை அரசு ஒதுக்கி, அதனை அரசிதழில் பதிய வேண்டும் என்பது.